காசில் இருப்பது நான்கு எழுத்து. ஊரைச் சொன்னது யார்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. தாத்தா வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிவந்த மெல்லிய வெள்ளிக்காசு ஒன்று உங்களிடம் இருக்கிறது. எடை 4 கிராமுக்குச் சற்று மேல், குறுக்களவு 31 மில்லிமீட்டர். படத்தைப் பார்த்த ஒரு வியாபாரி, "சாசானிய மன்னர் இரண்டாம் குஸ்ரோ, 28-ஆம் ஆட்சியாண்டு, அர்ரஜான் நகரத்தில் அடித்தது" என்றார். இன்னொருவர் அதே மன்னர், அதே ஆண்டு என்று ஒப்புக்கொண்டு, ஊரை மட்டும் தலைநகர் டெசிஃபோன் பக்கம் என்று மாற்றிச் சொல்லிவிட்டார். இருவரும் காசில் படித்த எழுத்துகள் ஒன்றே. "ஒரே எழுத்தைப் படித்துவிட்டு இரண்டு ஊரைச் சொன்னால் யாரை நம்புவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உண்மையில் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது, காசில் ஊர்ப்பெயரே முழுதாக இல்லாதபோது ஊரை எப்படிச் சொல்கிறார்கள் என்பதுதான் என்று நினைக்கிறேன். அதற்கே பதில் எழுதுகிறேன். உங்கள் காசுக்குக் கடைசியில் வருகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. கல்வெட்டியல் படித்து, ஓலைச்சுவடிகளில் தொடங்கி, பிறகு தனியார் சேகரிப்பு ஒன்றின் மேற்காசிய நாணயங்களுக்கு அட்டவணை போடும் வேலையில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தேன். டிராக்ம் என்ற சாசானிய வெள்ளிக்காசுகள் சில நூறு என் கையில் புரண்டிருக்கின்றன. அக்காலப் பாரசீகத்தை எழுதிய பஹ்லவி எழுத்தைக் காசில் படிப்பேன். ஏட்டில் படிக்கச் சொன்னால் தடுமாறுவேன்.

முதலில் காசின் அமைப்பு. முன்புறம் கிரீடம் வைத்த மன்னர் தலை. பின்புறம் தீக்கிண்ணம் எரியும் பலிபீடம், இரண்டு பக்கமும் ஆளுக்கொருவராகக் காவலர். ஈரானை ஆண்ட சாசானியர் ஆட்சி கி.பி. 224 முதல் 651 வரை. இந்த அமைப்பு ஏறக்குறைய மாறவே இல்லை. மன்னருக்கு மன்னர் கிரீடம் மாறும். அதனால் ஒரு எழுத்துகூடத் தெரியாதவரும் கிரீடத்தை வைத்தே மன்னரைச் சொல்லிவிடலாம். தொடக்கக் காலக் காசுகளில் எங்கே அடித்தது, எப்போது அடித்தது என்று போடும் வழக்கம் கிடையாது. ஐந்தாம் நூற்றாண்டில் ஐந்தாம் பஹ்ராம் (420–438) காலத்தில்தான் அக்கசாலையின், அதாவது காசு அடிக்கும் பட்டறையின், பெயர்ச்சுருக்கம் வழக்கமாகிறது. ஆட்சியாண்டு பெரோஸ் காலத்தில் எட்டிப்பார்த்து, கவாத் 499-இல் மீண்டும் அரியணை ஏறிய பிறகு நிலைக்கிறது. அதற்கப்புறம் இடம் மாறாது: பின்புறத்தில் உங்கள் இடக்கைப் பக்கக் காவலரை ஒட்டி ஆண்டு, வலக்கைப் பக்கக் காவலரை ஒட்டி அக்கசாலைச் சுருக்கம்.

புதிதாக வாங்குகிறவர்கள் பலர் முன்புறத்தில் இருக்கும் எழுத்தை ஊர்ப்பெயர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே இருப்பது மன்னர் பெயரும் "அப்சூத்" போன்ற வாழ்த்துச் சொல்லும்தான். "பெருகியது" என்று பொருள். குஸ்ரோ காசுகளில் விளிம்புக்கு வெளியே சிலவற்றில் "அஃப்த்" என்றும் இருக்கும். அதுவும் ஊரல்ல, சிறந்தது என்று சொல்வது.

சரி, அந்த வலப்பக்கச் சுருக்கம். இரண்டு எழுத்து, மூன்று எழுத்து, அரிதாக நான்கு. இதைப் படிப்பதிலேயே முதல் சிக்கல். பஹ்லவி எழுத்து மேற்காசியாவின் பழைய மொழியான அரமேயத்தின் எழுத்திலிருந்து வந்தது, வலமிருந்து இடமாக ஓடுவது. அரமேயத்தில் 22 எழுத்து. காலப்போக்கில் அவற்றின் உருவங்கள் ஒன்றோடொன்று கலந்து, ஏட்டுப் பஹ்லவியில் பதின்மூன்று சொச்சம் உருவங்கள்தான் மிஞ்சின. 'வ'வும் 'ந'வும் 'ர'வும் ஒரே கோடு. 'க', 'த', 'ய' மூன்றும் ஒரே கொக்கி. அகரமும் ஹகரமும் ஒரே உருவம். ஓலைச்சுவடி படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. புள்ளி வைக்காத ஓலையில் மெய்யா உயிர்மெய்யா என்று தெரியாது, காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும், எகர ஏகார வேறுபாடு கிடையாது. ஆனாலும் நாம் படித்துவிடுகிறோம். வரி முழுதாக இருக்கிறது, பாட்டின் ஓசை கைகொடுக்கிறது. காசில் வரியே இல்லை. இரண்டே எழுத்தை வைத்துக்கொண்டு சூழலை எங்கே தேடுவது? காசெழுத்து ஏட்டெழுத்து அளவுக்குக் கலந்துவிடவில்லை என்பது ஒரு சின்ன ஆறுதல். மூன்றாம் நூற்றாண்டுக் காசுகளில் எழுத்து கல்வெட்டைப் போல் தனித்தனியாக நிற்கும். குஸ்ரோ காலத்துக்கு வரும்போது சாய்ந்து, உருண்டு, ஒட்டிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு, அச்சு வெட்டியவர்கள் எல்லோரும் எழுத்தறிந்தவர்கள் என்று சொல்ல முடியாது. முந்தைய அச்சைப் பார்த்து உருவத்தை வெட்டியவர்களும் இருந்திருக்கிறார்கள். அது வெட்டின் நடுக்கத்திலேயே தெரியும்.

இந்த ஒட்டல் வேலையின் ஒரு விளைவைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பட்டியல்களைப் புரட்டும்போது உங்களைக் குழப்பும். கிர்மான் நகரின் சுருக்கம் 'க்–ல்'. மர்வ் 'ம்–ல்'. ஹெராத் 'ஹ்–ல்'. கிர்மானில் லகரம் எங்கிருந்து வந்தது? ரகர உருவம் வகரத்தோடும் நகரத்தோடும் ஒன்றாகிவிட்டதால், குழப்பத்தைத் தவிர்க்க எழுதுநர்கள் ரகரம் வேண்டிய இடத்திலும் லகர வடிவத்தை எழுதத் தொடங்கினார்கள். வாயில் ரகரம், கையில் லகரம். நாமும் பந்தல்–பந்தர், சாம்பல்–சாம்பர் என்கிறோம். நம்முடையது ஒலியில் வரும் போலி, இது எழுத்தில் வந்த போலி. அவர்கள் "கில்மான்" என்று ஒருநாளும் சொன்னதில்லை. சில பட்டியல்கள் எழுத்தை அப்படியே 'ல்' என்று போடும், சில ஒலியைப் பின்பற்றி 'ர்' என்று போடும். இரண்டும் ஒரே அக்கசாலைதான்.

அடுத்தது, எழுதுவது ஒரு மொழி, படிப்பது வேறு மொழி என்ற பழக்கம். பஹ்லவி எழுதுநர் அரமேயச் சொல்லை அப்படியே எழுதிவிட்டு அதற்குரிய பாரசீகச் சொல்லாக வாய்விட்டுப் படிப்பார். "மல்கா" என்று எழுதி "ஷா" என்று படிப்பது. முதலாம் அர்தஷீர் காசில் பின்புறம் "நூரா" என்று எழுதியிருக்கும். படிப்பது "ஆதுர்", அதாவது தீ. நம் பழைய பத்திரங்களில் ௵ என்று போட்டு வருடம் என்று படிப்போமே, அதே வேலைதான். குறியீட்டுக்குப் பதில் அந்நியச் சொல். இது அக்கசாலைச் சுருக்கத்திலும் புகுந்திருக்கிறது. 'ப்–ப்–அ' என்று ஒரு சுருக்கம் ஏராளமான காசுகளில் வரும். அப்படி ஓர் ஊரைத் தேடினால் கிடைக்காது. அது அரமேய "பாபா", வாசல் என்று பொருள். பாரசீகத்தில் படிக்க வேண்டியது "தர்". அரண்மனை வாசல், அரசவை. நாம் தர்பார் என்று சொல்கிறோமே, அதன் தலையில் இருப்பதும் இந்தத் தர்தான். ஆக, இது அரசவை அக்கசாலை என்று பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள். அரசவை எங்கே போனதோ அங்கே இதுவும் போனதா, அல்லது தலைநகரிலேயே நிலையாக இருந்ததா என்பதில் கருத்து ஒன்றாக இல்லை. நான் நகர்ந்தது என்ற பக்கம்தான் சாய்வேன். ஆனால் அது வெறும் சாய்வு, நிறுவப்பட்ட முடிவல்ல.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். எழுத்தைச் சரியாகப் படித்துவிட்டோம், வைத்துக்கொள்ளுங்கள். 'ஸ்–த்' என்று இருக்கிறது. இது எந்த ஊர்? இங்கேதான் மொழி மாற்றம் துணைக்கு வருகிறது. சாசானியர் வீழ்ந்த பிறகு அரபு ஆளுநர்கள் உடனே புதுக்காசு அடிக்கவில்லை. அதே குஸ்ரோ தலை, அதே பலிபீடம், அதே பஹ்லவிச் சுருக்கம். விளிம்பில் மட்டும் அரபியில் "பிஸ்மில்லா" என்று சேர்த்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டு ஓட்டினார்கள். தாராப்கெர்த் அக்கசாலையில் அடித்த ஒரு காசில் கலீஃபா முஆவியாவின் பெயரும் பட்டமும் பஹ்லவியில் இருக்கின்றன. "அமீருல் மூமினீன்" என்ற அரபுப் பட்டத்தின் பிற்பாதியைப் பாரசீகமாக்கி, "அமீர் ஈ வுரோயிஷ்னீகான்", நம்பிக்கையாளரின் தலைவர் என்று எழுதியிருப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த காசு அது. பிறகு கலீஃபா அப்துல் மலிக் நாணயச் சீர்திருத்தம் கொண்டுவந்தார். ஹிஜ்ரி 77-இல் பொன், 79-ஐ ஒட்டி வெள்ளி. தலையும் போயிற்று, தீயும் போயிற்று, முழுக்க அரபு எழுத்து. அந்தத் திர்ஹம் காசுகளில் "இந்தத் திர்ஹம் இன்ன ஊரில், இன்ன ஆண்டில் அடிக்கப்பட்டது" என்று ஊர்ப்பெயரை முழுதாக எழுதிவிட்டார்கள். இஸ்தக்ர், தாராப்ஜிர்த், ஸாபூர், ஜய், ரய், மர்வ், கிர்மான், ஸிஜிஸ்தான் என்று வரிசையாக வருகின்றன. நூற்றாண்டுக் கணக்கில் ஓடிய அக்கசாலைகள் ஒரே நாளில் மூடிக்கொள்ளாது. ஆகவே பழைய சுருக்கப் பட்டியலையும் புதிய முழுப்பெயர்ப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஆனால் பெயர்கள் அப்படியே பொருந்தாது. இடையில் இரண்டு மாற்றங்கள் நடந்திருக்கின்றன: பாரசீக மொழியே மாறியிருக்கிறது, அதை அரபுக் காது வேறுவிதமாகக் கேட்டிருக்கிறது. 'ஸ்–த்' என்பதன் முழுவடிவம் ஸ்தக்ர். அரபு மொழி சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்யைச் சேர்த்துச் சொல்லாது. முன்னால் ஓர் இகரம் போட்டு இஸ்தக்ர் ஆக்கிக்கொண்டது. ஸ்கூலை இஸ்கூல் என்றும் ஸ்டேஷனை இஸ்டேஷன் என்றும் சொல்லும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. அரபியில் 'கங்கை'யின் ககர ஒலி கிடையாது, ஜகரமாக்கிவிடும். குர்கான் ஜுர்ஜான் ஆயிற்று. இஸ்ஃபஹானின் பழைய பெயரான கய், ஜய் ஆயிற்று. ஸகஸ்தான் அரபியில் ஸிஜிஸ்தான் ஆயிற்று, பாரசீகத்தில் தேய்ந்து இன்றைய ஸீஸ்தான் ஆனது. இந்த விதிகளைப் பின்னோக்கி ஓட்டினால் அரபுப் பெயரிலிருந்து சாசானியப் பெயரின் முதல் எழுத்துகளைக் கணிக்கலாம். கணித்த எழுத்துகளோடு ஒரு சுருக்கம் பொருந்தி, அந்தச் சுருக்கம் பல மன்னர் காலத்திலும் தொடர்ந்து வந்து, அரபு-சாசானியக் காசிலும் இருந்து, அதே ஊர் சீர்திருத்தத்துக்குப் பின் முழுப்பெயரோடு தோன்றினால், அதை உறுதி என்று சொல்லலாம். இஸ்தக்ர், தாராப்கெர்த், கிர்மான், மர்வ், ரய், ஸகஸ்தான் எல்லாம் இந்த வகை.

ஒலி மாற்றம் பாலமாக மட்டும் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். வழக்கைத் தீர்த்துவைத்த இடமும் உண்டு, வம்பை வளர்த்த இடமும் உண்டு. தீர்த்துவைத்ததற்கு என் விருப்ப எடுத்துக்காட்டு பீஷாபூர். ரோமானியரை வென்ற முதலாம் ஷாபூர் கட்டிய நகரம். பெயருக்கு "வேஹ்-ஷாபூர்", ஷாபூரின் நன்மை என்று விளக்கம் சொல்லிவந்தார்கள். கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. பழைய பாரசீகத்தின் சொல்முதல் வகரம் பிற்காலத்தில் பகரமாக மாறியது உண்மை. இருபதைக் குறித்த "வீஸ்த்" இன்று "பீஸ்த்". தலைநகரத்தின் ஒரு பகுதியான வேஹ்-அர்தஷீர் அரபு நூல்களில் "பஹுரஸீர்" ஆகியிருக்கிறது. ஆக, வேஹ் என்பது பீ ஆகலாமே? காசைப் பாருங்கள். வேஹ்-அர்தஷீருக்கு உரியதாகக் கருதப்படும் சுருக்கம் 'வ்–ஹ்', வகரத்தோடு. பீஷாபூரின் சுருக்கம் 'ப்–ய்–ஷ்', பகரத்தோடு. இரண்டும் ஒரே காலத்தில், ஒரே பேரரசில் அடிக்கப்பட்டவை. வகரம் பகரமாக மாறுவதற்கு முன்பே பீஷாபூரில் பகரம் இருந்திருக்கிறது என்றால் அது வேஹ் அல்ல. "பய்", இறைவன், பெருமான். பெருமான் ஷாபூர். மூன்றே எழுத்து ஒரு சொற்பிறப்பு விளக்கத்தையே தள்ளிவைத்துவிட்டது. காசுக்கு இருக்கும் சிறப்பு இதுதான். பழைய நூல்கள் பிற்காலத்தில் படியெடுக்கப்பட்டவை. படியெடுத்தவர் தம் காலத்து ஒலியை உள்ளே நுழைத்திருப்பார். காசை யாரும் திருத்தி எழுத முடியாது.

வம்பு வளர்த்ததற்குக் காரணம் இதற்கு நேர் எதிரான குணம்: எழுத்து ஒலியோடு சேர்ந்து நகர்வதில்லை. சென்னை சென்ட்ரலுக்கு ரயில்வேயின் குறி இன்னமும் எம்.ஏ.எஸ். தான். மெட்ராஸ் பெயர் போய் எத்தனை ஆண்டாயிற்று! குறி நகராமல் உட்கார்ந்திருக்கிறது. பஹ்லவி எழுத்துமுறை மொத்தமும் அப்படி ஒரு பழமைவாதி. "ரோஸ்" (நாள்) என்று வாயால் சொல்லிக்கொண்டே, பல நூற்றாண்டுக்கு முந்தைய உச்சரிப்பின்படி 'ர்–வ்–ச்' என்று சகரம் போட்டு எழுதுவார்கள். ரய் நகரத்தின் சுருக்கம் 'ர்–த்' என்று வரும். வாயில் தகரமே இல்லை. தன் காலத்து ஒலியை வைத்துச் சுருக்கத்தைத் தேடுகிறவர் ரய்யைத் தவறவிடுவார். இது ரய்தான் என்பதற்கு எழுத்துக்கு வெளியிலிருந்து ஒரு சாட்சி உண்டு. குஸ்ரோவின் தாய்மாமன் விஸ்தாஹ்ம் கலகம் செய்து தன் பெயரில் காசு அடித்தார். அவர் வலுவாக இருந்தது வடக்கே, ரய் வட்டாரத்தில். அவர் காசுகளில் ஓங்கி நிற்பது இந்தச் சுருக்கம்தான். கலகக்காரர் கையில் இல்லாத ஊரில் அவர் பெயரில் காசு அடிக்க முடியாது என்ற எளிய நியாயம். வரலாறு இப்படிக் கைகொடுக்கும்போது கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். எல்லா ஊருக்கும் ஒரு கலகக்காரர் கிடைப்பதில்லை.

இன்னொரு சாட்சி களிமண் முத்திரைகள். சாசானிய அதிகாரிகள் மூட்டைகளிலும் ஓலைகளிலும் களிமண் உருண்டை வைத்து முத்திரை பதித்தார்கள். அதில் மாகாணப் பெயர் சுருக்காமல் இருக்கும். ஷீராஸ் பக்கத்தில் கஸ்ர்-இ அபூ நஸ்ர் என்ற இடத்திலும், வடமேற்கே தக்த்-இ சுலைமானிலும் இவை குவியலாகக் கிடைத்தன. இவற்றை வைத்துச் சாசானிய நிர்வாக நிலப்படத்தை வரைந்ததில் ரிகா கிசெலன் என்ற அறிஞருக்குப் பெரிய பங்கு. காசு வல்லுநர்கள் அதற்கு முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானிய அறிஞர் மோர்ட்மன் காலத்திலிருந்து, பம்பாய்ப் பார்ஸி சேகரிப்பாளர் ஃபர்தூன்ஜி பாரக் காலம் வரை, சுருக்கங்களுக்கு ஊர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அவற்றில் பல ஊகங்கள் முத்திரைகள் வந்த பிறகு கலைந்தன, சில உறுதிப்பட்டன. முத்திரைகள் இன்னொன்றையும் காட்டின: நாம் ஊர் ஊர் என்கிறோமே, அந்தச் சுருக்கம் ஊரைத்தான் குறிக்க வேண்டும் என்பதில்லை. 'ஸ்–க்' என்பது ஸகஸ்தான் மாகாணம். 'அ–த்' ஆதுர்பாதகான், இன்றைய அஸர்பைஜான் பகுதி. 'அ–ஸ்' அநேகமாக அசூரிஸ்தான், தலைநகரைச் சுற்றிய மாகாணம். அப்படியானால் அசூரிஸ்தான், வேஹ்-அர்தஷீர், அரசவை என்ற மூன்று சுருக்கமும் ஒரே நகரத்தின் வெவ்வேறு பட்டறைகளாகக்கூட இருக்கலாம். "எந்த ஊர்?" என்ற கேள்வியே சில காசுகளுக்குப் பொருந்தாது.

இப்போது உங்கள் காசு. சுருக்கம் 'வ்–ய்–ஹ்–ச்', பட்டியல்களில் டபிள்யூ, ஒய், ஹெச், சி என்று போட்டிருப்பார்கள். எழுத்தைப் படிப்பதில் வியாபாரிகள் இருவரும் சரி. 'வ்–ய்–ஹ்' என்பது வேஹ், "மேலான". அதே ஹகரத்தோடு சேர்ந்து கடைசியில் வரும் 'ஹ்–ச்' பழைய பாரசீகத்தின் "ஹசா", "இலிருந்து, விட" என்ற பொருளுடைய சொல். அது தேய்ந்து "அஸ்" ஆகிவிட்டது, இன்றைய பாரசீகத்திலும் அஸ்தான், எழுத்து மட்டும் பழையபடி நிற்கிறது. சேர்த்துப் படித்தால் "வேஹ்-அஸ்...", "...ஐ விட மேலான". எதைவிட மேலான? அது சுருக்கத்தில் இல்லை. சிக்கல் முழுவதும் இங்கேதான்.

சாசானிய மன்னர்களுக்கு ஒரு பழக்கம். ரோமானிய நகரத்தைப் பிடித்து, மக்களைச் சிறைபிடித்து வந்து, தம் மண்ணில் புதிய நகரம் கட்டி, பழையதைவிட இது மேல் என்று பெயர் வைப்பார்கள். கவாத் 503-இல் ஆமித் நகரத்தைப் பிடித்தார். அங்கிருந்து கொண்டுவந்த மக்களைக் குடியேற்றிக் கட்டிய நகரத்துக்கு வேஹ்-அஸ்-ஆமித்-கவாத், "ஆமிதைவிட மேலான கவாதின் நகரம்". அதுதான் அர்ரஜான். அவர் மகன் முதலாம் குஸ்ரோ 540-இல் அந்தியோக்கியாவைச் சூறையாடி, மக்களை டெசிஃபோன் பக்கத்தில் குடிவைத்து, "அந்தியோக்கியாவைவிட மேலான குஸ்ரோவின் நகரம்" என்று பெயர் வைத்தார். அப்பன் சொன்ன அதே பெருமையை மகனும் சொன்னார், அவ்வளவுதான். ஷாபூரும் அதே அந்தியோக்கியாவைவிட மேலானது என்று ஒரு நகரத்துக்குப் பெயர் வைத்திருந்தார், பின்னாளில் ஜுந்தேஷாபூர் என்று புகழ்பெற்றது. சுருக்கம் "விட மேலான" என்பதோடு நின்றுவிடுகிறது. சண்டையைக் கிளப்பும் சொல் அச்சில் இடம் பெறவில்லை.

அர்ரஜான் கட்சியின் பலம், அந்தப் பெயரில் "அஸ்" என்ற சொல் வெளிப்படையாக நிற்பது. அந்தியோக்கியாப் பெயர் பெரும்பாலும் "வேஹ்-அந்தியோக்" என்றே, அஸ் இல்லாமல் வருகிறது. சுருக்கத்தில் 'ஹ்–ச்' இருக்கிறது என்றால் அஸ் உள்ள பெயர்தானே பொருத்தம்? எதிர்க்கட்சி சொல்வது, இந்தச் சுருக்கத்தோடு கிடைக்கும் காசுகள் ஏராளம், ஒரு பெரிய மைய அக்கசாலையின் அளவு. அது தலைநகர் வட்டாரத்துக்கே பொருந்தும். மொழியை வைத்துப் பார்க்கிற என் போன்றவர்களுக்கு முதல் வாதம் கனமாகத் தெரிகிறது. காசு எண்ணுகிறவர்களுக்கு இரண்டாவது. நான் அட்டவணையில் எழுதும்போது "வ்–ய்–ஹ்–ச், அர்ரஜானாக இருக்கலாம்" என்றே எழுதினேன், அந்த "இருக்கலாம்" என்பதை அழிக்கும் துணிச்சல் பன்னிரண்டு ஆண்டிலும் வரவில்லை. வியாபாரி அந்தச் சொல்லை விட்டுவிடுவார். விலைச்சீட்டில் அதற்கு இடமிருக்காது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு கட்சியை முடிவாக்கிச் சொல்லிவிட்டார்கள்.

ஆண்டையும் சரிபார்க்கச் சொல்வேன், அதற்கு ஒரு காரணம் உண்டு. காசில் ஆட்சியாண்டை எண்ணால் எழுதமாட்டார்கள், சொல்லால் எழுதுவார்கள். ஒன்று முதல் பத்து வரை அரமேயச் சொல், பதினொன்றிலிருந்து பாரசீகச் சொல். இருபத்தெட்டு "ஹஷ்த்-வீஸ்த்", எட்டு முன்னால், இருபது பின்னால். இன்றைய பாரசீகத்தில் வரிசை திரும்பி "பீஸ்த்-ஓ-ஹஷ்த்" ஆகிவிட்டது. ஹஷ்த் நம் அஷ்டத்துக்கு உறவு, ஹஃப்த் சப்தத்துக்கு உறவு. 27-க்கும் 28-க்கும் நடுவில் வித்தியாசம் ஒரே எழுத்து, பகரமா ஷகரமா என்பதுதான். படத்தில் அந்த எழுத்தின் மேல் ஒரு கறை இருக்கிறது. 28 என்றால் 617–618. பாரசீகப் படை எருசலேமைப் பிடித்து மூன்று ஆண்டு கழிந்து, எகிப்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நேரம். 27 என்றால் அதற்கு முந்தைய ஆண்டு. விலையில் வித்தியாசம் இல்லை, ஆனால் தெரியாததைத் தெரிந்ததாக எழுதிவைக்க வேண்டாம்.

நானே இப்படி ஒன்றில் விழுந்திருக்கிறேன். விளிம்பு வெட்டப்பட்ட ஒரு காசில் 'ர்–த்' என்று படித்து, ரய் என்று அட்டவணையில் ஏற்றினேன். அரபுக் காலத்தில் புதுத் திர்ஹம் எடைக்குச் சரிக்கட்டப் பழைய காசுகளின் ஓரத்தைக் கத்தரித்துவிடுவது சகஜம். ஓராண்டு கழித்து, வேறொரு சேகரிப்பில் வெட்டுப்படாத காசு ஒன்றைப் பார்த்தேன். அதே அச்சில் அடித்தது, காவலரின் வாளில் இருந்த கீறல்கூட ஒன்றே. அதில் மூன்றாவதாக ஒரு வகரம் இருந்தது. நான் தகரம் என்று படித்த கொக்கி உண்மையில் யகரம். 'ர்–ய்–வ்', ரேவ்-அர்தஷீர். ரய் வடக்கே, எல்பர்ஸ் மலையடிவாரத்தில். ரேவ்-அர்தஷீர் தெற்கே வளைகுடாக் கரையில். கத்தரிக்கோல் ஓர் எழுத்தைத் தின்றதில் காசை நாட்டின் மறு முனைக்குக் கொண்டுபோயிருந்தேன்.

பஹ்லவி எழுத்தை நேரில் பார்க்க ஈரானுக்குப் போக வேண்டியதில்லை. சென்னையில் பரங்கிமலை தேவாலயத்தில், 1547-இல் போர்த்துகீசியர் தோண்டும்போது கிடைத்த கற்சிலுவையைச் சுற்றி ஓடுவது பஹ்லவி வரிதான். அதை அறிஞர்கள் தலைமுறைக்கொரு விதமாகப் படித்திருக்கிறார்கள். கொல்லத்தில் 849-இல் வட்டெழுத்தில் எழுதிய தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் சாட்சிகள் சிலர் இதே எழுத்தில் கையொப்பமிட்டிருக்கிறார்கள். மலைக்கு ஒருமுறை போய்ச் சிலுவையின் எழுத்தைப் பாருங்கள். உருவங்கள் எப்படி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன என்பது கண்ணுக்குப் பிடிபடும். பிறகு காசைப் பார்ப்பது எளிது.

காசைத் தயவுசெய்து எதிலும் தேய்க்காதீர்கள், எலுமிச்சை, புளி எதுவும் வேண்டாம். அந்தக் கறை இருந்துவிட்டுப் போகட்டும். விளக்கைத் தாழ்வாக ஒரு பக்கத்திலிருந்து காட்டி, இடப்பக்கக் காவலரின் தோளுக்குப் பக்கத்தில் இரண்டாவது எழுத்தை நெருக்கமாக ஒரு படம் எடுங்கள். மேலே மூன்று கிளை போல் விரிந்தால் ஷகரம், ஒரே வளைவாக மடிந்தால் பகரம். வலப்பக்கத்திலும் ஒரு படம், கடைசி எழுத்துக்கு அப்புறம் விளிம்பு வரை முழுதாக. ஐந்தாவதாக ஏதாவது கோடு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.